சான்றில் ஏறாத கடற்பயணம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓலைக் கொட்டகையில், ஒரே ஒரு குண்டு பல்பின் வெளிச்சத்தில், மாலைப் பள்ளியாகத் தொடங்கிய இச்சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இங்குப் படித்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் படைவீரர்களாகவும் இந்தப் பந்தலில் அமர்ந்திருப்பதைக் காண்கையில் நம் நெஞ்சம் நிறைகின்றது. விழாக் குழுவினர் 'கல்வியும் விடுதலையும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். அது கடலனைய பொருள். அக்கடலில் ஒரு துளியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு தாளில் எழுதப்படாமல் போன ஒரு வரியைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

இதோ, நம் கையில் இருப்பது ஒரு பழைய தாள். நான்காக மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்துபோன தாள். நம் பாட்டனாரின் தமையனார், நாம் பெரிய தாத்தா என்று அழைத்தவர், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி 1946ஆம் ஆண்டு படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அவருக்குக் கொடுக்கப்பட்ட சான்று. டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட் என்று நம் தெருவில் சொல்வார்கள்.

பெரிய தாத்தா சாலை போடும் படைப்பிரிவில் இருந்தவர். கப்பலேறிப் பஸ்ரா சென்றதாகவும், அங்குப் பாலைவனத்தில் கல்லுடைத்துச் சாலை போட்டதாகவும், ஈச்ச மரத்து நிழலில் உறங்கியதாகவும் சொல்வார். தெருவிலே சிலர் நம்பினார்கள், பலர் நம்பவில்லை. 'கப்பல் தாத்தா' என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். ஊர்த் தெருவுக்குள் செருப்பணிந்து நடக்க முடியாத ஒருவர் கடல் கடந்து போய் வந்தார் என்பதை ஊரார் எப்படி ஒப்புவார்கள்? அவர் எங்களை மடியில் வைத்துக்கொண்டு, 'வாஹித், இத்னேன், தலாத்தா' என்று எண்ணிக் காட்டுவார். ஏதோ உளறுகிறார் என்று எண்ணிச் சிரிப்போம். ஒருநாள் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "இது அரபி எண்ணிக்கை ஆயிற்றே பெரியவரே, எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று வியந்து கேட்டார். பெரிய தாத்தா நெஞ்சை நிமிர்த்தி, "பஸ்ராவிலே" என்றார். அன்று அவர் முகத்தில் கண்ட ஒளியை நாம் இன்றும் மறக்கவில்லை.

1983ஆம் ஆண்டு நாம் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தாம். பெரிய தாத்தா தம் தகரப் பெட்டியைத் திறந்து இத்தாளை எடுத்து, "என் கப்பல் கதை முழுவதும் இதில் இருக்கிறது. படித்து எல்லோருக்கும் சொல்" என்றார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தோம். பெயர் இருந்தது, தந்தை பெயர் இருந்தது, ஊர், உயரம், அங்க அடையாளம் இருந்தன. சேர்ந்த நாளும் விடுபட்ட நாளும் இருந்தன. நன்னடத்தை என்றிருந்தது. போர்க்களப் பணியும் பதக்கமும் எழுதவேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார். "ஒன்றும் எழுதவில்லை, தாத்தா" என்றோம். அவர் தாளை வாங்கி, மறுபடியும் நான்காக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். முப்பத்தேழு ஆண்டுகள் எந்தத் தாளைத் தம் உண்மைக்குச் சாட்சி என்று காத்துவந்தாரோ, அந்தத் தாளே அவருக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது. அதைப் படித்துச் சொல்லத் தெருவில் ஓர் ஆள் இல்லாததால் அவர் அதை அறியாமலே வாழ்ந்திருந்தார்.

நம் ஆங்கில ஆசிரியரின் உதவியோடு ஒரு விண்ணப்பம் எழுதினோம். அவருடைய வீரத்தையும் வறுமையையும் பற்றி இரண்டு பக்கம் உருக்கமாக எழுதினோம். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. 'படை எண், பிரிவு, வெளிநாடு சென்ற காலம் ஆகியவற்றையும் அதற்கான சான்றுகளையும் அனுப்புக' என்பதே அதன் சாரம். படை எண் இத்தாளின் முதல் வரியிலேயே இருக்கிறது! அதை எழுதவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. பதில் வந்தபோது பெரிய தாத்தா மறைந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. 'இறந்தவருக்கு எதற்கப்பா திருத்தம்?' என்றார்கள் வீட்டார். நாமும் வாளாவிருந்துவிட்டோம். அப்பிழை நம்முடையது. அதை இந்த அவையில் ஒப்புக்கொள்வதற்குக் காரணம், அப்பிழையை நம் பிள்ளைகள் மீண்டும் செய்யலாகாது என்பதே.

திருத்தத்திற்கும் ஒரு நெறி உண்டு

படைவீரரின் விடுவிப்புச் சான்றில் விடுபட்ட வெளிநாட்டுப் பணியைச் சேர்ப்பதற்கு உலகில் எங்கேனும் ஒழுங்கான நெறிமுறை உண்டா என்று பிற்காலத்தில் தேடிப் படித்தோம். அதனைத் தெளிவான சட்டமாகவே வகுத்து வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கு நடந்தவற்றை அறிந்தபோது, பெரிய தாத்தாவின் கதை ஒரு சேரியின் கதை மட்டுமன்று என்பதும் விளங்கிற்று.

அமெரிக்கப் படையிலிருந்து விடுபடுவோர்க்கு 'டி.டி. 214' என்னும் படிவத்தில் சான்று தருகிறார்கள். 1950ஆம் ஆண்டு முதல் இப்படிவம் வழக்கில் இருக்கிறது. அதில் வெளிநாட்டுப் பணிக்கென்றே ஒரு கட்டம் உண்டு; எத்தனை ஆண்டு, எத்தனை மாதம், எத்தனை நாள் என்று அதில் குறிக்கவேண்டும். கட்டம் சிறியது; ஆனால் அதிலிருந்து பிறப்பவை பெரியவை. பதக்கம், மருத்துவம், உடல் ஊனத்திற்கான உதவித்தொகை ஆகிய பலவும் 'இவர் எங்கே பணியாற்றினார்?' என்ற ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு நிற்பவை.

சான்று ஒன்று கூறுவோம். வியட்நாம் போரில் காட்டு மரங்களின் இலைகளை உதிர்ப்பதற்காக 'ஏஜெண்ட் ஆரஞ்சு' என்னும் நச்சு மருந்தை வானூர்திகளிலிருந்து தெளித்தார்கள். அந்த நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்றார்கள். அங்குச் சென்ற அமெரிக்க வீரர்களுக்கும் பிற்காலத்தில் கொடிய நோய்கள் வந்தன. எந்த நாளில், எந்தக் காட்டில் அந்த நஞ்சு தம்மேல் பட்டது என்று எந்த வீரரால் மெய்ப்பிக்க முடியும்? ஆதலின் 1991ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். வியட்நாமில் பணியாற்றியவருக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால், அவை அந்த நஞ்சினால் வந்தவை என்றே கொள்ளவேண்டும். தனித்தனியே மெய்ப்பிக்கத் தேவையில்லை என்பது அச்சட்டம். நல்ல சட்டந்தான். ஆயினும், 'வியட்நாமில் பணியாற்றியவர்' என்பதை எதைக் கொண்டு அறிவது? மறுபடியும் அந்தச் சிறிய கட்டத்திற்கே வந்து சேர்கிறோம்.

கட்டம் ஏன் வெறுமையாகப் போகிறது? சில வேளை தட்டச்சு செய்தவரின் கைப்பிழை. சில வேளை ஒரு தளத்தில் நிலையாகப் பணியமர்த்தப்பட்டவரைச் சில வாரங்களுக்கு மட்டும் வேறு நாட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தற்காலிகப் பணி என்பதால் அது சான்றில் ஏறாமல் போகும். போர் முடிந்து ஆயிரக்கணக்கானோரை ஒரே வேளையில் வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் விடுபடுவதும் உண்டு. சில வேளை சட்டத்தின் சொற்களே தடையாகும். கரையிறங்காமல் வியட்நாம் கடலில் கப்பலிலேயே பணியாற்றிய மாலுமிகளை, மண்ணில் கால் வைக்கவில்லை என்று கூறி நெடுங்காலம் ஒதுக்கியிருந்தார்கள். அவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2019இல் நிறைவேறி, 2020 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்துத் தளங்களில் இருந்தோர் உள்ளிட்ட பலருக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது. போர் முடிந்தது 1975இல் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனித் திருத்தும் முறையைக் கேளுங்கள். 1946க்கு முன் ஒரு வீரரின் பதிவைத் திருத்தவேண்டுமானால் நாடாளுமன்றத்தில் அந்த ஒருவருக்காகத் தனிச் சட்டமே கொண்டுவருவது வழக்கமாக இருந்தது. உறுப்பினர் எவரையும் அறியாத ஏழைக்கு அது எட்டாக்கனி. 1946ஆம் ஆண்டு அம்முறையை மாற்றி, பதிவுகளைத் திருத்துவதற்கென வாரியங்கள் அமைக்க வழி செய்தார்கள். அவ்வாரியங்களில் அமர்வோர் சீருடை அணிந்த படை அதிகாரிகள் அல்லர், குடிமக்கள். பதிவை எழுதியவரே அதன் குற்றத்தை விசாரிக்கும் நீதிபதியாக இருத்தல் ஆகாது என்னும் கருத்தை நாம் போற்றவேண்டும்.

விண்ணப்பப் படிவத்திற்கு 'டி.டி. 149' என்று பெயர். கட்டணம் இல்லை. பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. ஆனால், நீதியின் பொருட்டு அக்கால வரம்பை வாரியம் தளர்த்தலாம் என்பதும் அதே விதியில் உண்டு. வீரர் இறந்துவிட்டால் அவர் மனைவியோ, மக்களோ, சட்டப்படியான வாரிசோ விண்ணப்பிக்கலாம். 'இறந்தவருக்கு எதற்குத் திருத்தம்?' என்று நம் வீட்டில் கேட்டோம் அல்லவா? இறந்தவருக்கும் திருத்தம் உண்டு என்று அந்தச் சட்டம் விடையிறுக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். வாரியம் தொடக்கத்தில் பதிவின் பக்கமே நிற்கும். அதிகாரிகள் தம் கடமையை முறையாகவே செய்திருப்பார்கள் என்று அது கொள்ளும். பிழை என்று மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பிப்பவர் தலைமேல் இருக்கிறது. கண்ணீர் அங்குச் சான்றாகாது. எது சான்றாகும்? பயணம் செல்லுமாறு பிறப்பித்த ஆணையின் படி. அன்றாடம் படைப்பிரிவில் எழுதிய வருகைக் குறிப்பு. வெளிநாட்டில் இருந்த மாதத்திற்குக் கூடுதல் படி தந்த சம்பளச் சீட்டு. அங்குள்ள மருத்துவமனையில் எழுதிய நோய்க்குறிப்பு. கப்பலின் அன்றாட நாளேடு. உடன் பணியாற்றிய தோழர் கையொப்பமிட்டுத் தரும் வாக்குமூலம். வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் அஞ்சல் முத்திரை. நாளும் இடமும் தெரியும் புகைப்படம். இவற்றில் ஒன்றோடு ஒன்று பொருந்தும் இரண்டு மூன்று கிடைத்தால் வழக்கு வலுப்பெறும்.

வழக்கு வென்றால் பழைய சான்றைச் சுரண்டி எழுதுவதில்லை. 'டி.டி. 215' என்னும் திருத்தத் தாள் ஒன்றைத் தனியே தருவது வழக்கம். பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளவேண்டும். பிழை நடந்ததும் தெரியும். அது திருத்தப்பட்டதும் தெரியும். வரலாற்றையும் இப்படித்தான் திருத்தவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

எழுதப்படாத காயம், எரிந்துபோன கோப்பு

நெறிமுறை எல்லோர்க்கும் பொதுவாக இருக்கலாம். ஆனால் பதிவை எழுதுபவரின் கண் எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அமெரிக்கக் கறுப்பின வீரர்களின் வரலாறு இதனை நமக்கு எடுத்துரைக்கிறது.

முதல் உலகப் போரில் 369ஆம் காலாட்படைப் பிரிவு என்னும் கறுப்பினப் பிரிவு பிரான்சுக்குச் சென்றது. வெள்ளை அமெரிக்க வீரர்கள் அவர்களோடு சேர்ந்து போரிட விரும்பாததால், அப்பிரிவைப் பிரெஞ்சுப் படையின் கீழ் அனுப்பிவிட்டார்கள். அதில் ஹென்றி ஜான்சன் என்று ஒருவர். ஆல்பனி நகரத்து இரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். 1918 மே மாதத்தில் ஓர் இரவு, பகைவர் கூட்டம் ஒன்று அவருடைய காவலிடத்தின் மேல் பாய்ந்தபோது, குண்டும் துப்பாக்கியும் தீர்ந்த பின் கத்தி ஒன்றைக் கொண்டே போரிட்டு, காயமுற்ற தம் தோழரைப் பகைவர் இழுத்துச் செல்லாமல் காத்தார். அவர் உடலில் 21 காயங்கள். பிரெஞ்சு அரசு தன் வீரப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அவர் தாய்நாடு கொடுத்த விடுவிப்புச் சான்றிலோ அந்தக் காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை!

1929ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 1996இல்தான் போரில் காயமுற்றோர்க்கு உரிய பதக்கம் அவர் பெயருக்குக் கிடைத்தது. அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆப் ஆனர் 2015 சூன் 2ஆம் நாள் வழங்கப்பட்டது. சண்டை நடந்து தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்குப் பின்! அவ்விருதுக்கு வழி திறந்தவற்றுள் ஒன்று, தளபதி பெர்ஷிங் அந்நாளிலேயே எழுதிய செய்திக்குறிப்பு. அது பழைய ஆவணங்களுக்கு இடையே கிடந்து, அண்மைக் காலத்தில் தேடியவர்களின் கண்ணில் பட்டது. தாளில் இல்லாமையால் மறைக்கப்பட்டவரை மற்றொரு தாளே மீட்டது.

இரண்டாம் உலகப் போரில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கர்கள் பணியாற்றினார்கள். அப்போர்க் காலத்தில் அவர்களுள் ஒருவருக்கேனும் அந்த உயர் விருது கிடைக்கவில்லை. ஒரு மறு ஆய்வுக்குப் பிறகு 1997 சனவரியில் ஏழு பேருக்கு அளித்தார்கள். எழுவருள் அன்று உயிரோடு இருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவரே.

வேவர்லி உட்சன் என்ற மருத்துவ உதவியாளரின் கதை இன்னும் துயரமானது. 1944 சூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கும்போதே காயமுற்றார். அந்தக் காயத்தோடு ஏறத்தாழ 30 மணி நேரம் இருநூறு பேர்வரை மருத்துவம் செய்தார். அவருக்கு உயர்விருது கேட்டுப் பின்னாளில் முயன்றபோது ஆவணங்களைத் தேடினார்கள். அவை எங்கே? 1973 சூலை 12ஆம் நாள் செயின்ட் லூயிஸ் அருகில் இருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் பெருந்தீ மூண்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. 1912 முதல் 1960க்குள் தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது அழிந்தன. அவற்றுக்கு மறுபடி எடுத்து வைத்திருக்கவில்லை. உட்சனின் கோப்பும் அத்தீயில் போயிற்று. அவர் 2005இல் மறைந்தார். அவர் துணைவியார் விடாது போராடினார். 2024ஆம் ஆண்டு, உயர்விருதுக்கு அடுத்த நிலையிலுள்ள வீர விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது.

தீ நிறம் பார்த்து எரிக்கவில்லை. வெள்ளையர் கோப்பும் எரிந்தது, கறுப்பர் கோப்பும் எரிந்தது. ஆயினும் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். முன்பே பதக்கம் பெற்றவரின் புகழ் செய்தித்தாளிலும் நூலிலும் கல்வெட்டிலும் இருந்தது. மறுக்கப்பட்டவரின் உண்மை அந்த ஒரே கோப்பில்தான் இருந்தது. ஒரே ஒரு தாளை நம்பியிருப்பவர்க்குத் தீ இரண்டு மடங்கு கொடியது. நம் சேரிகளில் கூரை எரிந்தபோதெல்லாம் பட்டாவும் பள்ளிச் சான்றும் சேர்ந்து எரிந்ததை நாம் அறிவோம். ஆகவே இது நமக்கு அயலார் கதை அன்று.

நமக்கும் இதற்கும் உள்ள உறவு

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய இந்தியர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அவர்களுள் நம் மக்கள் எத்தனை ஆயிரம்! மகர் ரெஜிமெண்ட் 1941இல் அமைக்கப்பட்டது. சமார் ரெஜிமெண்ட் 1943இல் அமைக்கப்பட்டுப் பர்மியப் போர்முனையில் பணியாற்றியது, 1946இல் கலைக்கப்பட்டது. அதற்கும் முன்னே, 1890களில் மகர் மக்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டபோது, ஓய்வுபெற்ற வீரரான கோபால் பாபா வலங்கர் என்ன செய்தார்? தம் மக்களின் படைப்பணியை எடுத்துக்காட்டி அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். நம் விடுதலை வரலாற்றின் முதற்பக்கங்களில் வாளைக் காட்டிலும் விண்ணப்பமே மிகுதியாகக் காணப்படுகிறது.

அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். படைப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். ஒரு தலைமையாசிரியர் என்ற முறையில் இதைச் சொல்லும்போது நமக்குத் தனிப் பெருமை உண்டு. படைவீடு கொடுத்த எழுத்தறிவே அந்தக் குடும்பத்தின் முதல் செல்வம். 1927 சனவரி முதல் நாள் அண்ணல் கோரேகான் வெற்றித்தூணுக்குச் சென்றார். 1818ஆம் ஆண்டுப் போரில் மாண்ட மகர் வீரர்களின் பெயர்கள் அத்தூணில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அப்பெயர்களைப் பொறிக்காமல் விட்டிருந்தால், நூறு ஆண்டு கழித்து ஒரு தலைவர் தம் மக்களை அழைத்துச் சென்று காட்டுவதற்கு அங்கு என்ன இருந்திருக்கும்? பெயர் எழுதப்பட்டிருந்ததனால் அது சான்றாயிற்று. எழுதப்படாத பெரிய தாத்தா கேலிப் பெயர் பெற்றார்.

தலைமையாசிரியராக நாம் கண்ட ஒன்றையும் கூறுவோம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த நாளைத் தவறாக எழுதிவிட்டால், அத்தவறு மாற்றுச் சான்றிதழுக்குச் செல்லும். அங்கிருந்து பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குச் செல்லும். அங்கிருந்து வேலைக்கும் ஓய்வூதியத்திற்கும் செல்லும். ஐந்து வயதில் நேர்ந்த எழுத்துப் பிழை அறுபது வயதுவரை ஒருவரைத் துரத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் வந்து கேட்டால் திருத்துவது எளிது. பின்னர் வந்தால் அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டும். எழுத்தறியாத பெற்றோர் நம் எதிரில் நின்று, "நீங்கள் போடுவதைப் போடுங்கள் ஐயா" என்று சொல்லும்போதெல்லாம், கோடு இழுக்கப்பட்ட அந்தத் தாள் நம் கண்முன் வந்து நிற்கும். உடனே எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, "சரிதானா அம்மா?" என்று கேட்ட பிறகே கையொப்பம் இடுவோம்.

மாணவச் செல்வங்களே! சங்கத்தாரே! இனி நாம் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, எந்தச் சான்றையும் வாங்கிய இடத்திலேயே ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வெறுமையாக விட்ட இடம் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். வாங்கிய அன்று கேட்டால் அது ஒரு வேண்டுகோள். பத்தாண்டு கழித்துக் கேட்டால் அது ஒரு வழக்கு.

இரண்டாவது, ஒரே படியை நம்பாதீர்கள். படி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள். இப்போது கைப்பேசியிலேயே படம் பிடித்து வைக்கலாம்.

மூன்றாவது, விண்ணப்பம் எழுதும்போது எண், பிரிவு, நாள், இடம் ஆகியவற்றை முதல் வரியில் எழுதுங்கள். எந்தப் பதிவில் எந்தப் பிழை, அதற்குப் பதிலாக என்ன இருக்கவேண்டும், அதற்கு என்ன சான்று என்று வரிசைப்படுத்துங்கள். துன்பத்தைக் கடைசியில் சொல்லலாம்.

நான்காவது, வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை நாளும் ஊரும் கேட்டு எழுதி, கையொப்பமோ கைரேகையோ வாங்கி வையுங்கள். உடனிருந்த தோழர் யார் என்று மறவாமல் கேளுங்கள்.

ஐந்தாவது, இது சங்கத்தாருக்கு நம் வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் நம் மக்களின் தாள்களைப் படித்துச் சொல்லவும் விண்ணப்பம் எழுதித் தரவும் படித்த பிள்ளைகள் இருவரை அமர்த்துங்கள். நம் தெருக்களில் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைம்பெண்களும் இருக்கிறார்கள். அவர்களின் பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், என்ன எழுதப்படவில்லை என்பதையும் அவர்கள் அறியட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை நாமே வந்து அமர்கிறோம்.

நிறைவாக ஒரு செய்தி. அமெரிக்கரின் முறையில் புகைப்படமும் சான்றாகும் என்று படித்த பிறகு, பெரிய தாத்தாவின் மகள் வீட்டுச் சுவரில் நெடுங்காலமாகத் தொங்கிக்கொண்டிருந்த படத்தை ஒருநாள் கழற்றிப் பார்த்தோம். சீருடையில் நாற்காலியில் கம்பீரமாக அமர்ந்திருக்கிறார். சட்டத்தைப் பிரித்துப் பின்பக்கத்தைத் திருப்பினோம். படம் எடுத்த கடையின் முத்திரை அரபு எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் 'பஸ்ரா' என்றும் இருந்தது. 1983இல் இதே சுவருக்கு எதிரே அமர்ந்துதான் அந்த இரண்டு பக்க விண்ணப்பத்தை எழுதினோம்! சான்று நம் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அது சான்று என்பதை அறியும் கல்வி அன்று நமக்கு இல்லை.

இந்த விழா முடிந்ததும் மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறோம். இம்முறை படை எண் முதல் வரியில் இருக்கும். படத்தின் இருபக்கப் படிகளும் இணைக்கப்பட்டிருக்கும். திருத்தம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டாலும், 'வெளிநாடு செல்லவில்லை' என்று இழுத்த கோட்டிற்கு எதிராக, 'சென்றார்' என்று எண்ணும் நாளும் இட்ட ஒரு தாள் அந்தக் கோப்பில் ஏறும். மாலைப் பள்ளியில் படிக்கும் இந்தப் பிள்ளைகளுள் ஒருவர் அதைத் தட்டச்சு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறோம்.



வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க இச்சங்கத்தின் கல்விப் பணி! வணக்கம்.